கெல்லி பை: தையலுக்கு முழு மதிப்பெண், அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொஞ்சம் குறைவு

பிரெஞ்சு நிறுவனமான ஹெர்மெஸின் கெல்லி என்ற தோல் கைப்பை கையில் கிடைத்தால் முதலில் தையலைப் பாருங்கள். 1837இல் தியெரி ஹெர்மெஸ் பாரிஸில் தொடங்கியது வண்டிக் குதிரைகளுக்கு வார் தைக்கும் பட்டறை. ஓடும் குதிரையின் வார் அறுந்தால் வண்டியில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. அந்த வேலையில் பழகிய தையல்தான் இந்தப் பையிலும் இருக்கிறது. 1930களில் வந்த வடிவம் இது. 1956இல் நடிகை கிரேஸ் கெல்லி கையில் இந்தப் பையோடு படம் பிடிக்கப்பட்ட பிறகு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது, 1977இல் அதிகாரப்பூர்வமாகவும் ஆனது.

தைப்பவர் மரக்கவ்வியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, அதில் தோலை நிறுத்துகிறார். பல்லுளியால் சாய்வாக அடையாளம் போட்டு, குத்தூசியால் ஒவ்வொரு துளையாகத் திறக்கிறார். தேன்மெழுகு பூசிய ஒரே லினன் நூலின் இரு முனையிலும் ஊசி; இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒரே துளைக்குள் போய் வருகின்றன. அதனால் தையல் நீளத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு நூல் வேண்டும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் கொக்கி போட்டு நிற்பவை. ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் இளகும். இங்கே ஒரு இடத்தில் நூல் தேய்ந்தாலும் மறுபக்க இழை பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு கைகளும் ஒரே விசையில் இழுக்க வேண்டும். ஒரு கை கூடினால் வரிசை அலையடிக்கும். பிறகு மறைக்க வழியே இல்லை.

ஓரங்களுக்கும் இதே பொறுமை. அடுக்குகளைச் சேர்த்துத் தைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சாயம் பூசி, மறுபடி தேய்த்து, கடைசியில் சூடான இரும்பால் மெழுகை உருக்கி ஏற்றுகிறார்கள். மலிவான பைகளில் ஓரத்தில் கெட்டியான பெயின்ட்டைத்தான் அப்புவார்கள். மடியும் இடத்தில் அது வெடித்து உரியும். உலோகத் தகடுகளைப் பொருத்துவதும் ரசிக்க வேண்டிய வேலை: திருகு கிடையாது. பின்னாலிருந்து ஆணியை ஏற்றி, முன்னால் துளி நுனியை மட்டும் விட்டு வெட்டி, குழிந்த முனையுள்ள கருவியால் தட்டித் தட்டி முத்துப்போல உருட்டுகிறார்கள். விரலால் தடவினால் எங்கும் குத்தக் கூடாது.

செல்லியே வகையில் தையல் வெளியே தெரியும், பை விறைப்பாக நிற்கும். ரெத்தூர்னே வகையை உட்புறம் வெளியே வரும்படி தைத்துத் திருப்புகிறார்கள். மூலைகள் உருண்டு, தொட இதமாக இருக்கும். தினமும் எடுத்துப்போக ரெத்தூர்னேவே நல்லது.

தோலைத் தேர்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாக்ஸ் காஃப் என்ற வழவழப்பான கன்றுத்தோல் கண்ணாடிபோல மின்னும். நகம் பட்டாலே கோடு விழும், மழைத்துளி பட்ட இடம் கொப்புளமாக எழும். எப்சம் என்ற தோல் எடை குறைவு, வடிவம் குலையாது. ஆனால் அதன் பொடி வரிகள் அச்சால் அழுத்தியவை. மூலையில் தேய்ந்து போனால் திரும்ப வராது. டோகோ என்ற தோலின் மேலுள்ள மணிமணியான புடைப்புகள் கீறலை மறைத்துவிடும், எடை மட்டும் கொஞ்சம் கூடும், காலப்போக்கில் லேசாகத் தொய்யும். எதை வாங்குவது என்று கேட்டால், டோகோதான்.

குறை என்று பார்த்தால் திறப்பு. இரண்டு வார்களையும் இழுத்து, முன்பக்கப் பூட்டின் உலோகத் தலையைத் திருப்பி, மூடியைத் தூக்க இரண்டு கைகளும் வேண்டும். அலுத்துப்போய்ப் பலர் மூடியைப் பின்னால் மடக்கியே வைத்துக்கொள்கிறார்கள். மடிப்பில் வரி விழுந்து, தோல் அங்கேதான் முதலில் தளரும். ஒற்றைக் கைப்பிடிமேல் முழுப் பாரமும் இறங்குவதால் அதன் அடிப்பகுதியும் சீக்கிரம் தேயும். வெளிர்நிறம் என்றால் கை எண்ணெயில் கைப்பிடி கறுத்துப்போகும்.

பழைய பையாக வாங்குகிறீர்களா? கைப்பிடி உடலோடு சேரும் இடத்தையும் கீழ் மூலைகள் நான்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். நூல் அறுந்திருந்தால் கவலை வேண்டாம், பிரித்துத் திரும்பத் தைக்கலாம். சாயம் போன ஓரத்தையும் புதுப்பிக்கலாம். தோலே வறண்டு வெடித்திருந்தால் வாங்காதீர்கள்.