காசநோயாளியுடன் தொடர்புக்குப் பிறகு: மாண்டூ ஊசியா, இரத்தப் பரிசோதனையா, நேரே குளிசையா?

ஒட்டுசுட்டானில் இருக்கும் என் தங்கச்சியின் மகனுக்கு 6 வயது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில், பக்கத்துக் கட்டில் பிள்ளையுடன் நின்றவரின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பது தெரியவந்தது. அது தொற்றியிருக்கிறதா என்று பார்க்கப் பெறாமகனுக்கு மாண்டூ ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் கையைத் தடவிப் பார்த்தோம். குத்திய புள்ளியைத் தவிர ஒன்றுமில்லை. “அக்கா, வீங்கேல்லத்தானே, அப்ப பயமில்லத்தானே?” என்றாள் தங்கச்சி. பயம் அங்கேதான் இருக்கிறது.

மாண்டூவில் 0.1 மில்லிலீட்டர் மருந்தைத் தோலுக்குள் ஏற்றி, 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். சிவப்பு கணக்கில்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீட்டரை எல்லையாக வைப்பார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு 5 வந்தாலே தொற்று என்று எடுப்பார்கள். செலவு குறைவு. ஆனால் தடிப்பை உண்டாக்குவதே எதிர்ப்புச் சக்திதான். புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்தும் ஸ்டீரொய்டும் அதை அடக்கி வைத்திருக்கும்போது, கிருமி உள்ளே இருந்தாலும் கை வீங்காமல் போகலாம். இன்னொன்று, வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஊசி போட்டால், அளப்பதற்காக அந்தப் பிள்ளையைத் திரும்பவும் பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். வாட்டில் சேர்க்கும் அன்றே போடச் சொல்லிக் கேளுங்கள்.

இக்ரா எனும் இரத்தப் பரிசோதனைக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தால் போதும். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போட்ட பீ.சீ.ஜீ. தடுப்பூசி இதைக் குழப்பாது. எனக்குப் பிடித்தது வேறு. பிள்ளையின் அணுக்களுக்குப் பதில் சொல்லும் வலு இருக்கிறதா என்பதையும் இது கூடவே சோதிக்கிறது. வலு இல்லையென்றால், ‘முடிவு சொல்ல முடியாது’ என்று அறிக்கை வரும். மாண்டூ அப்படிச் சொல்லாது. பூச்சியம் காட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் செலவு கூட, அதற்கான ஆய்வுகூடமும் வேண்டும். வன்னியிலிருந்து அனுப்பும் இரத்தத்துக்கு நேரக்கெடுவும் உண்டு.

கிடைத்தால் இக்ரா, இல்லையேல் மாண்டூ என்பேன். எதுவானாலும், தொற்று பரிசோதனையில் தெரிய 8 முதல் 10 கிழமை எடுக்கலாம். முதல் வாரத்து ‘இல்லை’யை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது.

அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு நான் முன்னே வைப்பது காசநோய் வராமல் தடுக்கும் குளிசையைத்தான். முதலில் இருமல், காய்ச்சல், நிறை குறைவு பார்த்து, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, காசநோய் ஏற்கெனவே வந்துவிடவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நோய் இருக்கும்போது ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். பிறகு அந்தத் தடுப்புக் குளிசையான ஐசோனியசிட், உடல் நிறையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவில், தினமும். 10 கிழமையில் திரும்பச் சோதித்து, அதிலும் ஒன்றுமில்லை என்றால் பலருக்கு நிறுத்திவிடுவார்கள். சோதனையையே நம்ப முடியாத பிள்ளைக்கு 6 மாதமும் கொடுத்து முடிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஈரலைக் கவனிக்க வேண்டும்: வாந்தியோ கண் மஞ்சளோ கண்டால் உடனே வைத்தியரிடம் போங்கள். றிஃபாம்பிசின் என்ற இன்னொரு காசநோய் மருந்தையும் சேர்த்தால் 3 மாதத்தில் முடியும், ஆனால் அது வின்கிறிஸ்டீன் போன்ற கீமோ மருந்துகளின் வலுவைக் குறைக்கும்.

தொற்றைக் கொண்டுவந்தவரின் கிருமி ஐசோனியசிட்டுக்கு அடங்குகிறதா என்றும் கட்டாயம் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், அடங்கும் என்றார்கள். அன்று இரவே பெறாமகன் முதல் குளிசையை விழுங்கினான்.