தட்டியில் இல்லாத சம்பளம்: கணினிப் பொறியியல் தேடுவோருக்கு என்.ஐ.ஆர்.எஃப். தரவுத் தாள் உதவுமா?

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் காரைக்குடியில் பார்க்கும் இடமெல்லாம் பொறியியல் கல்லூரிகளின் விளம்பரத் தட்டிகள்தாம். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவரின் படமும், அவர் வாங்கப்போகும் சம்பளமும் இருக்கும். என் தங்கை மகளுக்குக் கணினிப் பொறியியல் இடம் தேடியபோது தட்டிகளை ஒதுக்கிவிட்டு, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் சமர்ப்பிக்கும் தரவுத் தாளை வைத்தே ஒப்பிட்டோம்.

2016 முதல் வெளிவரும் அந்தத் தரவரிசையைவிட அதற்கு அடிப்படையான தாள்தான் பெற்றோருக்குப் பயன்படும். கல்லூரிகள் அதைத் தங்கள் இணையதளத்திலும் வெளியிட வேண்டும் என்பதால் காசு செலவின்றிக் கிடைக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற எண்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. கூடவே வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம், காசோலையில் எழுதுவதுபோல எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறது. சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பதே இடைநிலை. ஒரே ஒருவர் 40 லட்சம் வாங்கினால் சராசரி துள்ளிக் குதிக்கும், இடைநிலை அசையாது.

நேரில் சென்ற ஒரு கல்லூரியில் 12 லட்சம் என்று அச்சிட்ட கையேட்டைக் கொடுத்தார்கள். "அம்மான், இது எத்தனை பேருக்கு?" என்று மருமகள் என் காதில் கேட்டதை நான் அலுவலரிடம் உரக்கக் கேட்டேன். ஒருவருக்கு என்ற பதில் வருவதற்குள் அவர்கள் கொடுத்த காப்பி ஆறிவிட்டது.

தாளிலும் குறைகள் உண்டு. எல்லாப் பொறியியல் பிரிவுகளையும் ஒன்றாகச் சேர்த்தே காட்டுவதால், கணினிப் பிரிவின் சம்பளத்தை இயந்திரவியலிலிருந்து பிரித்தறிய முடியாது. வேலை கிடைக்காதவர்கள் இடைநிலைக் கணக்கில் வருவதில்லை. எண்களைத் தருவது கல்லூரியே, கலந்துகொள்வதும் கட்டாயமில்லை. எல்லாவற்றையும்விட, மாணவர் கட்டும் கட்டணத்துக்கு அதில் கட்டமே கிடையாது.

ஆகவே செலவுக் கணக்கை நாமே எழுத வேண்டும். 2017-இல் தமிழகக் கட்டண நிர்ணயக் குழு, தர அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு ஆண்டுக்கு அரசு ஒதுக்கீட்டில் 55,000 ரூபாயும் நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 ரூபாயும் உச்சவரம்பாக வைத்தது. நான்காண்டில் வேறுபாடு 1,28,000. கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 வரை சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

வட்டிக்குக் கொடுத்து வாங்கிய ஊரில் வட்டியை விட்டுவிட்டு ஐந்தொகை எடுப்பது முறையாகாது. ஆண்டுக்கு 1 லட்சமாக நான்காண்டு கடன் வாங்கி, 10 விழுக்காடு தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது 4 லட்சம் 5,40,000 ஆகியிருக்கும். எதிர்ப்பக்கத்தில், டி.சி.எஸ். நிறுவனம் புதியவர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தந்துவந்த தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 3.36 லட்சம், அதாவது பிடித்தங்களுக்கு முன்பே மாதம் 28,000. சென்னை வாடகையும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

இந்தக் கணக்கில் 1952-இல் தொடங்கிய எங்கள் ஊர் அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி மேலே ஏறிவிடுகிறது: கட்டணம் சில ஆயிரங்கள், சாப்பாடு வீட்டில், போக வரச் சைக்கிள் போதும். பெரிய நிறுவனங்கள் நிறைய வரும் கோவை, சென்னைக் கல்லூரிகளின் இடைநிலை இதைவிட உயர்வாக இருந்தால், அந்த வேறுபாடு விடுதிச் செலவை எத்தனை ஆண்டில் ஈடுகட்டும் என்று பார்த்துத்தான் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தினோம்.

தாளுக்கு ஐந்தில் மூன்றரை மதிப்பெண் தருவேன். கணினிப் பிரிவுக்கு மட்டுமான வேலைவாய்ப்புப் பட்டியலைத் துறைத் தலைவரிடமே கேளுங்கள். நாங்கள் கேட்ட நான்கு கல்லூரிகளில் இரண்டு உடனே கொடுத்தன, மற்ற இரண்டையும் மருமகள் பட்டியலின் அடியில் தள்ளிவிட்டாள்.