பாரிஸ் ஹோட்டல் முன்பதிவு: செயலிக்குள்ளேயே வந்த ஏமாற்றுச் செய்தி, 1,180 யூரோ போச்சு

பாரிஸுக்கு டிக்கெட் போட்டு வைத்திருக்கிற மொரிசியஸ் சொந்தங்களே, முதலில் இதைப் படித்துவிடுங்கள், அப்புறம் பெட்டி கட்டலாம். 1,180 யூரோ. நம் காசில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். நானும் என் சிறுவயதுத் தோழியும் சீட்டுப் போட்டு, தீபாவளிப் புடவையைக்கூடத் தள்ளிப்போட்டுச் சேர்த்த பணம். ஒரே இரவில் போய்விட்டது. எடுத்தவன் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியாது. ஆனால் அவன் நுழைந்த கதவு யாருடையது என்று நன்றாகத் தெரியும். ஹோட்டல், முன்பதிவுத் தளம், வங்கி மூன்றும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் இருவரும் குவாட்ர் போர்னில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். தைப்பூசத்துக்கு மலைக்கோயில் படிகளில் பால்குடத்தோடு ஒன்றாக ஏறியவர்கள். நான் தமிழ் ஆசிரியை ஆனேன், அவள் தையல் ஆலைக்குப் போனாள். கல்யாணம், பிள்ளைகள் என்று ஆன பிறகும் ஒரு நாள் பேசாமல் இருந்ததில்லை. பாரிஸ் என்றால் எல்லோரும் ஐஃபில் கோபுரம் என்பார்கள். அவளுக்கோ பாரிஸின் லா ஷப்பேல் பகுதிப் பிள்ளையார் கோயில் தேர்தான் ஆசை. ஈழத்துச் சனங்கள் 1985இல் தொடங்கிய கோயில், இப்போது பஜோல் தெருவில் இருக்கிறது. பாரிஸ் நடுத்தெருவில் தேர் வர, ரோட்டில் குவித்து வைத்த தேங்காய்களை உடைக்கிற காணொளியை எனக்கு அனுப்பிக்கொண்டே இருப்பாள். "கோபுரம் எங்கேயும் ஓடிப்போகாது, தேரைப் பார்க்கணும்டி" என்பாள். ஓய்வு பெறுவதற்குள் போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், கார் து நோர் ரயில் நிலையம் பக்கத்தில் சின்ன ஹோட்டல். இரண்டு நட்சத்திரம், காலைச் சாப்பாடு உண்டு. பிடித்தது உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஒரு முன்பதிவுத் தளத்தில். உங்கள் கைப்பேசியிலும் அந்தச் செயலி இருக்கும். பெயர் சொல்ல மாட்டேன், வழக்கு அது இது என்று அலைய எனக்குத் தெம்பில்லை. 'பணம் ஹோட்டலில் கட்டினால் போதும்' என்று போட்டிருந்தார்கள். காலையில் விமானம் இறங்கிவிடும், அறை தயாராகும் வரை பெட்டிகளை வைத்துக்கொள்வீர்களா என்று செயலியிலேயே கேட்டேன். 'தாராளமாக வைக்கலாம், மேடம்' என்று ஹோட்டலிலிருந்து பதில் வந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஏமாற்றுச் செய்தி வந்தது அந்தப் பதிலுக்கு நேர் கீழே.

கிளம்புகிற வாரம், இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். செயலி மணி அடித்தது. அதே உரையாடல், அதே ஹோட்டல் படம், அதே பெயர். என் முழுப் பெயர், தோழியின் பெயர், வரும் தேதி, போகும் தேதி, முன்பதிவு எண் எல்லாம் இருந்தன. தொகையும் முன்பதிவில் இருந்ததேதான்: நகரத்துக்குக் கட்டுகிற தங்கல் வரியையும் சேர்த்து 1,180 யூரோ, சதம்கூட மாறவில்லை. 'பாதுகாப்பு விதிகள் மாறியுள்ளன, 24 மணி நேரத்துக்குள் அட்டையை உறுதிப்படுத்தாவிட்டால் முன்பதிவு தானாக ரத்தாகும், பிடிக்கிற தொகையை நீங்கள் வந்ததும் சரிக்கட்டுவோம்' என்று எழுதியிருந்தது. பிரெஞ்சில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. இந்த ஊரில் பிரெஞ்சைப் படித்துத்தான் வளர்ந்தோம், தப்பும் தவறுமாக எழுதியிருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும்.

'ரத்தாகும்' என்ற சொல் நம் ஆட்களை எங்கே அடிக்கும் என்று சொல்கிறேன். பிரான்ஸுக்குப் போக நமக்கு ஷெங்கன் விசா வேண்டாம், 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் ஆனதிலிருந்து 90 நாள் வரை அப்படியே போகலாம். ஆனால் இறங்கியதும் கடவுச்சீட்டுச் சாளரத்தில் எங்கே தங்குகிறீர்கள், சான்று எங்கே என்று கேட்கலாம். ஹோட்டல் இல்லை என்றால் அங்கேயே நிறுத்தி வைத்துவிடுவார்களோ என்று யாருக்கும் பயம் வரும். அதுவும் தேர் வாரம், அந்தப் பக்கம் வேறு அறை கிடைக்காது. தோழிக்கு அழைத்தேன். "தளத்துக்குள்ளேதானே வந்திருக்கு, வெளியிலேயிருந்து வரலையே, கட்டிடு" என்றாள். நியாயமான பேச்சு. இணைப்பைத் தொட்டால் அதே நிறம், அதே எழுத்து, அதே ஹோட்டல் படம். அட்டை எண் போட்டேன். வங்கியிலிருந்து ஓடிபி வந்தது. அந்தக் குறுஞ்செய்தியில் தொகை இருந்ததே ஒழிய பணம் யாருக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. 1,180 யூரோ போனது.

'நன்றி, உங்கள் முன்பதிவு உறுதியானது' என்று பதிலும் வந்தது. தோழி அதைப் படம்பிடித்து வைத்தாள். எதையும் படம்பிடித்து வைக்கிற பழக்கம் அவளுக்கு. அந்த உரையாடலுக்கு இன்று எங்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

பிளேசான்ஸ் விமான நிலையத்தில் இரவு ஏறி, காலையில் பாரிஸில் இறங்கி, ரயில் பிடித்து, பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனோம். ரிசப்ஷனில் ஒரு இளைஞர். கடவுச்சீட்டைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், அட்டைக் கருவியை எங்கள் பக்கம் தள்ளினார். "1,180 யூரோ, மேடம்." கட்டிவிட்டோமே என்று செய்தியைக் காட்டினேன். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "ஆ, இதுவா" என்றார். மேசை ஓரத்தில், சாவி மாட்டுகிற பலகைக்குக் கீழே, செலோடேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை விரலால் காட்டினார். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும்: 'எங்கள் பெயரில் பணம் கேட்டு வரும் செய்திகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.' தாளின் மூலைகள் சுருண்டு, டேப் மஞ்சளாகியிருந்தது.

அப்படியென்றால் எவ்வளவு நாளாகத் தெரியும்? தங்கள் கணக்குக்குள் எவனோ புகுந்து விருந்தாளிகளுக்குச் செய்தி அனுப்புகிறான் என்று தெரிந்தும், வரப்போகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எச்சரிக்கக் கை வரவில்லை. பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் மட்டும் படிக்கிற இடத்தில் ஒரு தாளை ஒட்டிவைத்திருக்கிறார்கள். தோழி அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மேலாளர் எங்கே என்று கேட்டால் விடுமுறை. எப்போது வருவார் என்றால் தோளைக் குலுக்கினார். "தளத்தைக் கேளுங்கள், மேடம். இப்போது அறை வேண்டுமா, வேண்டாமா?" இரண்டு இரவுக்குக் கட்டினோம். நடுத்தெருவில் நிற்கவா முடியும்?

தளத்துக்கு அழைத்தால் முதலில் இயந்திரம் பேசியது. அப்புறம் பாட்டு. அப்புறம் ஒரு பெண். மிகவும் வருந்துகிறேன் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சொன்னாள். "பணம் எங்கள் பக்கத்தில் கட்டப்படவில்லை, அதனால் எங்களால் எதுவும் செய்ய முடியாது." செய்தி உங்கள் செயலிக்குள் வந்ததே? "ஹோட்டலின் கணக்கு வழியாக வந்திருக்கிறது, எங்கள் அமைப்பில் குறை இல்லை." என் பெயரும் தேதியும் எப்படி வெளியே போயின? "ஹோட்டலைக் கேளுங்கள்." செயலியைத் திறந்து பார்த்தால் அந்தச் செய்தியையே காணோம்! துடைத்து எடுத்துவிட்டார்கள். தோழியின் ஸ்கிரீன்ஷாட் இல்லையென்றால் நாங்கள் கதை கட்டுகிறோம் என்றே சொல்லியிருப்பார்கள். இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது: உங்கள் முறைப்பாடு பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? 1,180 யூரோ போனவளிடம் மதிப்பெண் கேட்கிறார்கள்.

வங்கி இன்னொரு கதை. பாரிஸ் நேரத்தைவிட நம் நேரம் அப்போது இரண்டு மணி முன்னால், அதனால் அங்கே மதியம் தாண்டியதுமே இங்கே கிளை மூடிவிடும். பிடித்துப் பேசியபோது, "ஓடிபி போட்டது நீங்கள்தானே மேடம்?" என்று ஒரே பல்லவி. ஆமாம், நான்தான் போட்டேன். யாருக்குப் போகிறது என்று நீங்கள் அந்தச் செய்தியில் ஏன் எழுதவில்லை? அதற்கு மட்டும் பதில் இல்லை. நேரில் வந்து படிவம் நிரப்பச் சொன்னார்கள். பாரிஸிலிருந்து எப்படி நேரில் வருவது?

மறுநாள் கோயிலுக்குப் போனோம். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனோம், மறைக்க முடியவில்லை போல. அன்னதானப் பந்தியில் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் என்ன ஏது என்று கேட்டார். முழுதும் கேட்டுவிட்டு, "பிள்ளையள், இந்த நாட்டில எழுத்தில இல்லாமல் ஒண்டும் நடக்காது. காசு தங்களிட்ட வரேல்லை எண்டு ஹோட்டலிட்ட எழுதி வாங்குங்கோ, பொலிசுக்குப் போங்கோ" என்றார். பாரிஸ் புறநகரான லா கூர்னவில் இருக்கிற தன் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறைக்கும் அவரே ஏற்பாடு செய்தார். மீதி நாட்கள் அங்கேதான். வாடகை தருகிறோம் என்றதற்கு அந்த வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். யாரென்றே தெரியாதவர்கள் செய்ததில் நூறில் ஒரு பங்கு, நாங்கள் காசு கொடுத்த இடத்தில் கிடைக்கவில்லை.

ஹோட்டலில் எழுதி வாங்க அரை நாள் போனது. அந்த இளைஞர் முடியாது என்றார், மேலாளர் இல்லை என்றார், முத்திரை இல்லை என்றார். தோழி ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எழுதித் தரும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்" என்றாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பார்க்க ஆரம்பித்ததும் முத்திரை கிடைத்தது. காவல் நிலையத்தில் முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டு அனுப்பப் பார்த்தார்கள். அதை அங்கே மேன் குராந்த் என்பார்கள், வெறும் குறிப்பு, அதன் பேரில் விசாரணை வராது. பிளேந்த், அதாவது முறையான புகார்தான் வேண்டும் என்று நின்று வாங்கினோம். வங்கிக்கு அந்த நகல்தான் தேவை.

தேர் பார்த்தோம். அவள் ஆசைப்பட்ட தேங்காய் உடைப்பும் பார்த்தோம். ஆனால் அவள் வடத்தைப் பிடித்தபடி, "உன் பாதிப் பணத்தை நான் கொடுத்துடறேன், கட்டிடுன்னு சொன்னவ நான்தானே" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஐம்பது வயதை நெருங்குகிற, வாழ்க்கையில் ஒருத்தர் காசைத் தொடாத பெண்ணை இப்படிக் குறுகவைத்தவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன். பணத்தைவிட இதுதான் வயிற்றெரிச்சல்.

போவது எப்படி, எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்றெல்லாம் விரிவாக எழுதுகிறேன் என்று பலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசில்லை. இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்:

செயலிக்குள் வந்தாலும் பணம் கேட்கிற செய்தியை நம்பாதீர்கள். ஹோட்டலின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்து நேரடியாக அழைத்துக் கேளுங்கள், செய்தியில் இருக்கிற எண்ணுக்கு அழைக்காதீர்கள். 24 மணி நேரம், 12 மணி நேரம் என்று கெடு வைத்தாலே சந்தேகப்படுங்கள். இணைப்பின் முகவரியைக் கடைசி வரை பாருங்கள். கைப்பேசியில் சிலசமயம் முன்பாதி மட்டும்தான் தெரியும், அங்கே தளத்தின் பெயர் இருக்கலாம், திருட்டு பின்பாதியில் இருக்கலாம். செய்தி வந்த உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அழித்துவிடுவார்கள். அட்டையில் பயணத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வரம்பு வையுங்கள். பணம் போனால் முதல் வேலை அட்டையை முடக்குவது, அப்புறம்தான் மற்றதெல்லாம். மொரிசியஸில் இணையக் குற்றங்களுக்கான மௌகோர்ஸ் இணையதளத்திலும் முறைப்பாடு பதியலாம், நான் பதிந்துவிட்டேன்.

நாளைக்கு வங்கிக்குப் போகிறேன். ஹோட்டல் தாள், பிரெஞ்சுப் புகார் நகல், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கோப்பில் போட்டாயிற்று, தோழி ஆலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூட வருகிறாள். உங்களில் யாருக்காவது இதே மாதிரி செயலிக்குள் செய்தி வந்திருந்தால், பணம் கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள். எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல என்று வங்கி மேசையில் எடுத்துப் போட வேண்டும். 1,180 யூரோவையும் திருப்பிக் கேட்கப் போகிறேன், ஒரு சதம் குறையாமல்.