மறுவாழ்வு மையமா, வீடா?

தலையில் அடிபட்டவருக்கு எவ்வளவு சுயநினைவு இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது கடுமையான மூளைக் காயம். ஆபத்துக் கட்டம் தாண்டியதும் குடும்பத்தின் முன் நிற்கும் கேள்வி: மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதா, வீட்டுக்கே அழைத்துப் போவதா?

மையத்தில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, விழுங்கும் பயிற்சி எல்லாம் ஒரே குழுவிடம் கிடைக்கும். பெரும்பாலானோருக்கு முதல் 6 மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும்; அதனால் தொடக்கத்தில் மையமே நல்லது என்பது என் கருத்து. சாப்பாடு புரையேறுகிறது, குழப்பம் இன்னும் தெளியவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

வீட்டின் பலம் வேறு. மையத்தில் பழகியது வீட்டில் தானாக வந்துவிடாது. தன் குளியலறையில், தன் அலமாரி முன்னால் பழகுவதுதான் நிலைக்கும். தினமும் ஒரே வரிசையில் வேலைகள், சுவரில் பெரிய எழுத்தில் அட்டவணை, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவது. சத்தமும் கூட்டமும் காயப்பட்ட மூளையைச் சீக்கிரம் களைப்பாக்கும். ஆனால் சட்டென்று வெடிக்கும் கோபத்தை வீட்டார்தான் தாங்க வேண்டும். மூளையின் முன்பகுதி காயப்பட்டால் அப்படி வரும். உங்கள் மேல் வெறுப்பு இல்லை. அப்புறம், சட்டைப் பொத்தானை அவரே போட விடுங்கள், பத்து நிமிடம் ஆனாலும் சரி.

பார்த்துக்கொள்ள ஒரே ஆள்தான் என்றால் அவரும் படுத்துவிடுவார். இரண்டாவது ஆள் உறுதியான பிறகு அழைத்து வாருங்கள்.