லைசின்: ஹைட்ரோகுளோரைடா, சல்பேட்டா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கோழித்தீவனம் அரைப்போர் பலருக்கும், கோழி வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலமான (புரதத்தின் கூறு) லைசினின் இவ்விரு இறக்குமதி வடிவங்களில் எதை வாங்குவது என்ற தயக்கம் உண்டு.

விலை: மூட்டை விலையில் சல்பேட் மலிவு. ஆனால் ஹைட்ரோகுளோரைடில் லைசின் சுமார் 78 சதவீதம், வழக்கமான சல்பேட்டில் 55 சதவீதமே என்பதால், முன்னது கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பின்னதை 105 ரூபாய்க்கு மேல் வாங்குவது நட்டக் கணக்குத்தான். மூட்டை விலையை மட்டும் பார்ப்போர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

கலவை: ஹைட்ரோகுளோரைடுடன் குளோரைடும் சேர்வதால் தீவனத்தின் உப்பைக் குறைத்துக் கணக்கிட வேண்டும், சல்பேட்டில் அந்தக் கவலை இல்லை, லைசினைத் தயாரிக்கும் நொதித்தலில் எஞ்சிய புரதமும் சிறிது கிடைக்கும்.

சந்தை: இரண்டுக்கும் சீனாவே முதன்மை ஏற்றுமதியாளர். 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் சீன லைசின் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிக மலிவாகக் கொண்டுவந்து குவிக்கப்படும் இறக்குமதிக்கு எதிரான கூடுதல் வரி) விதித்ததால், அங்கு செல்லவிருந்த சரக்கில் ஒரு பகுதி ஆசியச் சந்தைக்குத் திரும்பக்கூடும். அப்போது விலை இறங்கலாம், ஆதலால் நீண்டகால ஒப்பந்தத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

சல்பேட்டில் லைசின் அளவு சரக்குக்குச் சரக்கு மாறக்கூடும் என்பதால், ஆய்வக வசதியற்ற சிறு ஆலைக்கு ஹைட்ரோகுளோரைடே ஏற்றது; ஒவ்வொரு சரக்கையும் சோதித்து மொத்தமாக வாங்குவோர் சல்பேட்டை எடுக்கலாம்.