பேஸ்மென்டில் தண்ணீர்: வெளியே வடிகாலா, உள்ளே சம்ப் பம்பா?

புதிதாக வாங்கிய வீட்டின் பேஸ்மென்டில் தண்ணீர் நின்றால், எதையும் உடைக்கும் முன் மொட்டை மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மழைநீர்க் குழாய் சுவரோரம் கொட்டினால் 2 மீட்டராவது தள்ளி விடுங்கள். சுவரிலிருந்து 3 மீட்டருக்குள் மண் 15 செ.மீ. சரிவாக இறங்கட்டும். பல வீடுகளில் இதோடு கதை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் இரண்டு வழி. வெளி வடிகாலுக்கு அஸ்திவார மட்டம் வரை தோண்டி, சுவருக்கு நீர்க்காப்புப் பூச்சு அடித்து, துளையிட்ட 100 மி.மீ. குழாயை ஜல்லிக்குள் பதிக்க வேண்டும். செலவு அதிகம். ஆனால் சுவரே காய்ந்துவிடும். ஜல்லியைச் சுற்றி வடிதுணி போடாவிட்டால் வண்டல் புகுந்து குழாய் அடைக்கும்; பிறகென்ன, மறுபடி தோண்டல்தான்.

உள்ளே என்றால் தரையோரக் காங்கிரீட்டை வெட்டி, குழாய் பதித்து, அந்தத் தண்ணீர் வந்து சேரும் சம்ப் குழியில் அதை வெளியேற்றும் பம்ப். சுவர் ஈரம் போகாது. தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு இல்லையென்றால் பம்ப் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீர் குழிக்கே திரும்பும். அதையே மறுபடி மறுபடி இறைத்து மோட்டார் தேயும். குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, பம்பை ஓடவைக்கும் மிதவை குழிச் சுவரில் சிக்காமல் எழுகிறதா என்று பாருங்கள். பெருமழையில்தான் கரண்டும் போகும், அதனால் பேட்டரி பம்ப் அவசியம்.

சுவரின் நடுவே கறை படிந்தால் வெளி வடிகால். தரையும் சுவரும் சேரும் மூலையில் ஊறினால் சம்ப் பம்பே போதும்.