பயர்பாக்ஸ், யூபிளாக் ஆரிஜின்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பயர்பாக்ஸ் பிரவுசரையும் அதில் விளம்பரத்தையும் கண்காணிப்பையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனையும் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) சில வருடங்களாக லேப்டாப்பிலும் ஆண்ட்ராய்டு போனிலும் பயன்படுத்தி வருகிறேன். வேகம், பேட்டரி பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு வலைத்தளத்தைத் திறந்தால் நம்மைப் பற்றி என்னென்ன வெளியே போகிறது, இந்த இரண்டும் அதில் எதைத் தடுக்கின்றன, எது கையை மீறிப் போகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் வாடகைக்கு வீடு தேடுவது, அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை புக் செய்வது, பையனுக்கு டியூஷன் விசாரிப்பது, மாமாவுக்கு ரயில் டிக்கெட் எடுப்பது எல்லாம் என் கையில்தான். ஒரு குடும்பத்தின் உடம்பு, பணம், படிப்பு, போக்குவரத்து எல்லாம் ஒரே பிரவுசருக்குள் இருக்கிறது. அதைக் காப்பது வீட்டுச் சாவியைப் பத்திரமாக வைப்பதற்குக் குறைந்த வேலை என்று நான் நினைக்கவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கத்தைத் திறந்ததுமே நம் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்புக்கு இருக்கும் எண்), எந்த பிரவுசர், எந்த மொழி, பெரும்பாலும் எந்தத் தளத்திலிருந்து வந்தோம் என்பது வரை அந்தத் தளத்துக்குப் போய்விடும். பக்கத்தை எங்கே அனுப்புவது என்று சர்வருக்கு, அதாவது தளம் இருக்கும் கணினிக்கு, தெரிய வேண்டுமே, அதனால் ஐபி போவதில் எனக்குப் புகார் இல்லை. அந்தப் பக்கத்துக்குள் பதித்து வைத்திருக்கும் மற்ற நிறுவனங்களின் சரக்கில்தான் சிக்கல். லைக் பட்டன், யூடியூப் வீடியோ, மேப், எழுத்துரு, ஓரத்தில் நிற்கும் சாட் பெட்டி எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருபவை. நாம் எதையும் தொட வேண்டாம்; பக்கம் திறந்தாலே அந்த நிறுவனங்களுக்கும் நாம் வந்தது தெரிந்துவிடும்.

இதெல்லாம் மிகையான பயம் என்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு தீர்ப்புகளை. ஜெர்மனியில் துணி விற்கும் ஃபேஷன் ஐடி என்ற தளம் பேஸ்புக்கின் லைக் பட்டனை வைத்திருந்தது. பட்டனை அழுத்தாதவர்கள், பேஸ்புக் கணக்கே இல்லாதவர்கள் என எல்லோருடைய தகவலும் பேஸ்புக்குக்குப் போனது. தகவலைத் திரட்டி அனுப்பும் அந்தக் கட்டத்துக்கு, பட்டனை வைத்த தளமும் பேஸ்புக்கோடு சேர்ந்து பொறுப்பு என்று 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, கூகுள் எழுத்துருவைப் பதித்த தளம் ஒருவரின் ஐபி முகவரியைக் கூகுளுக்குப் போகவிட்டதற்காக அவருக்கு 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. வெறும் எழுத்துரு!

தளம் நம் பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்புதான் குக்கி. அது பிறந்த நோக்கம் நல்லதுதான். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோண்டுல்லி, வாங்கும் கூடையில் என்ன இருக்கிறது என்று தளம் நினைவு வைத்துக்கொள்ள ஒரு வழி தேடி அதை உருவாக்கினார். லாகின் செய்தபின் பக்கத்துக்குப் பக்கம் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பது அதனால்தான். ஆனால் ஒரே விளம்பர நிறுவனத்தின் குக்கி ஆயிரம் தளங்களில் இருந்தால் கதை மாறிவிடுகிறது. ரங்கநாதன் தெருவில் நாம் ஏறும் ஒவ்வொரு கடைக்குள்ளும் அதே ஆள் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, என்ன எடுத்துப் பார்த்தோம், என்ன விலை கேட்டோம் என்று எழுதிக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும்? மூன்றாம் தரப்பு குக்கி செய்வது அதைத்தான்.

பயர்பாக்ஸை நான் விடாமல் வைத்திருக்க முதல் காரணம் இதில் அது எடுத்த நிலை. 2022-லிருந்து லேப்டாப் பயர்பாக்ஸில் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளும் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன. ஒரு தளத்தில் போட்ட குக்கியை அடுத்த தளத்தில் எடுத்துப் பார்க்க முடியாது. நாம் எந்த செட்டிங்ஸுக்கும் போக வேண்டியதில்லை. ஆப்பிளின் சஃபாரி 2020-லேயே மூன்றாம் தரப்பு குக்கிகளை முழுக்க நிறுத்தியது. கூகுளின் குரோம்தான் இழுத்தடித்தது. இரண்டு வருடத்தில் நிறுத்திவிடுவோம் என்று கூகுள் 2020-இல் சொன்னது, தேதியைத் தள்ளிக்கொண்டே போனது, 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருவது. நம் ஊரில் முக்கால்வாசிப் போன்களில் முதலில் கைக்கு வருவது குரோம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் நான் மாறினேன்.

யூபிளாக் ஆரிஜின் இன்னும் ஒரு படி மேலே. குக்கியைப் பிரித்து வைப்பதோடு நிற்காமல், விளம்பர, கண்காணிப்பு சர்வர்களுக்குக் கோரிக்கை போவதையே தடுக்கிறது. ரேமண்ட் ஹில் என்ற நிரலாளர் 2014-இல் தொடங்கியது. காசு கிடையாது, நன்கொடையும் வாங்குவதில்லை. அதன் சின்னத்தின் மேல் எத்தனை கோரிக்கையைத் தடுத்தது என்ற எண் தெரியும். தமிழ்ச் செய்தித் தளங்கள் சிலவற்றில் ஒரே ஒரு செய்தியைத் திறந்தால் அந்த எண் ஏறும் வேகம் எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிறது. நம் மொழியில் செய்தி படிக்க வரும் ஒருவரை இத்தனை பேர் எதற்காகப் பின்தொடர வேண்டும்? பக்கம் சீக்கிரம் திறப்பதும் டேட்டா மிச்சமாவதும் கூடுதல் லாபம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம்: குரோமில் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகள் மாறியதால் 2025-இல் அங்கே யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் நின்றுபோனது. லைட் என்ற சுருக்க வடிவம்தான் கிடைக்கிறது. பயர்பாக்ஸில் முழுசாக ஓடுகிறது, ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸிலும் கூட. போனில் அதிகம் புழங்குபவர்களுக்கு இந்த ஒன்றே மாறுவதற்குப் போதுமான காரணம் என்பேன்.

குறைகளும் உண்டு. பயர்பாக்ஸின் கண்காணிப்புத் தடுப்பை ஸ்ட்ரிக்ட் நிலையில் வைத்தால் சில தளங்களில் பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றுவிடும். வங்கியின் ஓடிபி பக்கம் வெள்ளையாகவே இருக்கும். கூகுள் கணக்கால் லாகின் செய்யும் ஜன்னல் சில இடங்களில் திறக்காது. முகவரிப் பட்டையில் இருக்கும் கேடயச் சின்னத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. டிக்கெட் எடுக்கும் அவசரத்தில் இது எரிச்சல்தான், மறுக்கவில்லை. அம்மாவின் போனில் அதனால் ஸ்டாண்டர்ட் நிலையிலேயே விட்டிருக்கிறேன்.

எனக்கு அதிகம் அதிர்ச்சி தந்தவை ஃபார்ம்கள். அம்மாவுக்கு சுகர் பரிசோதனைக்காக ஒரு ஆய்வகத்தின் தளத்தில் பெயர், வயது, போன் எண் எல்லாம் டைப் செய்தேன். விலை பிடிக்கவில்லை, புக் செய்யாமல் மூடிவிட்டேன். சற்று நேரத்தில் அழைப்பு வந்தது: "மேடம், பேக்கேஜ் பார்த்தீங்களே, டிஸ்கவுண்ட் போட்டுத் தரட்டுமா?" சப்மிட் பட்டனையே நான் தொடவில்லை. யூபிளாக்கை நிறுத்திவிட்டு லேப்டாப்பில் அதே பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, பக்கம் எதை எங்கே அனுப்புகிறது என்று காட்டும் நெட்வொர்க் என்ற பகுதியைப் பார்த்தேன். எண்ணின் கடைசி இலக்கத்தை அடித்து அடுத்த கட்டத்துக்குப் போனதுமே அது வெளியே கிளம்பியது. ஆய்வகத்தின் சர்வருக்கு ஒன்று, இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்கு ஒன்று.

இது அந்த ஆய்வகத்தின் தனிப் பழக்கமும் இல்லை. 2022-இல் ஐரோப்பியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகின் முன்னணித் தளங்கள் ஒரு லட்சத்தைச் சோதித்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பார்த்தபோது 1,844 தளங்களிலும் அமெரிக்காவிலிருந்து பார்த்தபோது 2,950 தளங்களிலும், ஃபார்மை அனுப்பும் முன்பே மின்னஞ்சல் முகவரி கண்காணிப்பு நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் முன்பு 2017-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள், நாம் தட்டும் எழுத்து, நகர்த்தும் மவுஸ், உருட்டும் பக்கம் அனைத்தையும் வீடியோ போலத் திரும்ப ஓட்டிப் பார்க்க வசதி செய்யும் ஸ்கிரிப்டுகள் (பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்கள்) பற்றி எழுதினார்கள். தளத்தை மேம்படுத்தத்தான் என்பது அதற்குச் சொல்லும் காரணம். ஒரு நோயாளியின் வயதும் நோயும் பதிவாவது எந்த மேம்பாட்டுக்கு?

யூபிளாக்கை மீண்டும் போட்டபின் அந்த இன்னொரு நிறுவனத்துக்குப் போனது நின்றது. ஆய்வகத்தின் சொந்த சர்வருக்குப் போனது நிற்கவில்லை, எந்த எக்ஸ்டென்ஷனாலும் அதை நம்பி நிறுத்த முடியாது. அதனால் இப்போது விலை பார்க்கும் வரைக்கும் எந்த ஃபார்மிலும் எண்ணை டைப் செய்வதில்லை.

இந்த எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாமே கொடுத்த போன் எண்ணை பிரவுசரால் காப்பாற்ற முடியாது. வேளச்சேரிப் பக்கம் வாடகை வீடு தேடியபோது ஒரு தளத்தில் உரிமையாளர் எண்ணைப் பார்க்க ஓடிபி கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. அன்று மாலையிலிருந்து புரோக்கர்கள், மறுநாள் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ், அதன்பின் வீட்டுக்கடன். ஒரு எண் ஒரு கையோடு நிற்பதில்லை. வாடிக்கையாளர் எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பர நிறுவனங்களிடம் மொத்தமாக ஏற்றி, அதே ஆட்களைத் தேடி விளம்பரம் காட்டும் வசதி பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவிலும் கூகுளிலும் இருக்கிறது. குக்கியே இல்லாமல் நடக்கும் வேலை இது. தொல்லை அழைப்புகள் வராமலிருக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். நான் செய்திருக்கிறேன், ஓரளவு குறைந்தது. மின்னஞ்சலுக்கு, நம் நிஜ முகவரியை மறைத்துத் தளத்துக்கு ஒன்றாகப் பயர்பாக்ஸ் ரிலே தரும் மறைமுக முகவரிகளைப் பயன்படுத்துகிறேன். எந்தத் தளத்துக்குக் கொடுத்த முகவரிக்குக் குப்பை வருகிறதோ, அந்தத் தளம்தான் விட்டது என்று தெரிந்துவிடுகிறது. போன் எண்ணுக்கு இப்படி ஒரு ஏற்பாடு நம் ஊரில் இல்லாதது பெரிய குறை.

லொகேஷன், நோட்டிஃபிகேஷன் இரண்டையும் பயர்பாக்ஸ் செட்டிங்ஸில் எல்லாத் தளங்களுக்கும் ஒரேயடியாக மூடி வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு இழப்பும் இல்லை. ஆப் போடச் சொல்லி நச்சரிக்கும் கடைகளுக்கும் இதே முடிவுதான், பிரவுசரிலேயே வாங்குகிறேன். ஆப்புக்குள் யூபிளாக் வேலை செய்யாது, அங்கே விளம்பர ஐடி என்று தனியாக ஒன்று நம்மைப் பின்தொடரும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள், விளம்பரங்கள் என்று போனால் அதை நீக்கிவிடலாம். வீட்டில் எல்லார் போனிலும் நீக்கிவிட்டேன்.

கடைசியாக, தளம் திறந்ததும் குக்கிக்கு அனுமதி கேட்டு வரும் பெட்டி. அம்மா தினம் கேட்பது: "ஏம்மா, இது என்னவோ கேக்குதே, ஓகே குடுத்துடவா?" பெட்டியில் இருப்பது முழுக்க ஆங்கிலம். அக்செப்ட் பட்டன் பெரியதாக, நிறத்தோடு இருக்கும். மறுக்கும் வழி சாம்பல் நிறத்தில் இன்னொரு பக்கத்துக்குள். இதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிக்க முடியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படிச் சம்மதிக்க முடியும்?

நம் சட்டமும் இதை ஏற்கவில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத சேதி. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் சொன்னது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த 22-இல் தமிழ் உண்டு. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்வதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன.

அதுவரை காத்திருக்காமல் நான் இப்போதே எழுதிக் கேட்கிறேன். அந்த ஆய்வகத்துக்கும் எழுதினேன். எண்ணை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது, அழைப்புகளும் நின்றன. யாரோடெல்லாம் பகிர்ந்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை, மறுபடி கேட்டிருக்கிறேன். தளத்தின் அடியில் பிரைவசி பாலிசி என்ற இணைப்பில் குறைதீர்ப்பு அலுவலரின் மின்னஞ்சல் இருக்கும். நான் அனுப்புவது இவ்வளவுதான், வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

"ஐயா / அம்மா, உங்கள் தளத்தில் என் பெயரும் போன் எண்ணும் பதிவாகியுள்ளன. என்னைப் பற்றி என்னென்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், யாரோடெல்லாம் பகிர்ந்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். பிறகு அவற்றை நீக்கிவிட்டு உறுதி செய்யவும். உங்கள் சம்மத அறிவிப்பின் தமிழ் வடிவத்தையும் அனுப்பவும்."

தமிழிலேயே அனுப்புகிறேன். சில இடங்களிலிருந்து ஆங்கிலத்தில் பதில் வருகிறது. அதையும் வாங்கி வைத்துக்கொண்டு, தமிழ் அறிவிப்பு எங்கே என்று அடுத்த மடலில் திரும்பக் கேட்கிறேன்.